சனிவார் பேட்டில் ஒரு பிரதட்சிணம்

புனே
17.2.2002

அன்புள்ள உங்களுக்கு,

விசாலம் எழுதுவது. வைஷு தூங்கிவிட்டாள். ஜுரம் இல்லை, இப்போதுதான் தொட்டுப் பார்த்தேன். எல்லையில் இருப்பவருக்கு முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

போன மாதம் குழந்தைக்கு ஜுரத்தில் வலிப்பு வந்ததிலிருந்து நான் குவார்ட்டர்ஸ் கேட்டைத் தாண்டவில்லை. உங்கள் அண்ணா ஒன்றாம் தேதி வந்து எங்களைக் கும்பகோணத்துக்கே கூட்டிப் போவதாக ஏற்பாடு. போனில் நானும் சரி என்றேன். ஆனால் இத்தனை நாள் இருந்த ஊரைப் பார்க்காமலே போவதா என்று மனசு கேட்கவில்லை. பழைய ஊரை நாமாகவே நடந்து பார்க்கப் பேப்பரில் ஒரு வரைபடம் போட்டிருந்தார்கள். அதையும் ஜுர மருந்தையும் பையில் போட்டுக்கொண்டு இன்று காலை கிளம்பிவிட்டேன். திட்டாதீர்கள்.

பேஷ்வாக்களின் கோட்டையான சனிவார் வாடாவில், தில்லி தர்வாஜா என்கிற பெரிய வாசலில், யானை முட்டாமலிருக்கக் கதவெல்லாம் இரும்பு முள். யானைக்கு வலிக்காதா என்கிறாள் உங்கள் பெண். கோட்டைச் சுவர் கீழே கல், மேலே செங்கல். ஏன் பாதியில் மாற்றினார்கள்? வரைபடத்தில் அது இல்லை. நீங்கள் இன்ஜினியர்தானே, யோசித்து எழுதுங்கள்.

பக்கத்தில் சனிவார் பேட் என்கிற பேட்டை, அங்கே ஒரு சந்தில் மர வாசல். மேலே பிள்ளையார் செதுக்கியிருந்தது, கதவும் திறந்திருந்தது. கோயில் என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். கல் பாவிய முற்றம், சுற்றிலும் மரத்தூண், நடுவே துளசி மாடம். குழந்தையையும் இழுத்துக்கொண்டு பிரதட்சிணம் செய்து, விழுந்து கும்பிட்டு எழுந்தால், மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அது குடித்தனக்காரர்கள் இருக்கும் வீடு! இங்கே பழைய வீட்டு வாசலில் எல்லாம் பிள்ளையார் உண்டாம். அவள் பெயர் சுஷ்மா. "எங்க ஓனரே இதைச் சுத்தி வந்ததில்ல. வாடகை வாங்க மட்டும் வருவார்" என்றாள் ஹிந்தியில்.

அவளே சுற்றிக் காட்டினாள். மாடிப்படி சுவருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஓர் ஆள்தான் ஏறலாம். பேஷ்வா காலத்தில் காத்ரஜ் ஏரித் தண்ணீர் பூமிக்கடியில் வந்து விழுந்த தொட்டியையும் காட்டினாள். குனிந்து பார்க்கும்போது வைஷுவின் கை என் கையில் சுட்டது.

போன தடவை அக்கம்பக்கத்தார்தான் பார்த்தார்கள், நான் சுவரோரம் நின்று அழுதேன். இன்று மருந்து கொடுத்தேன். சட்டையைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்து, சுஷ்மாவின் பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டு, வாசலில் ரிக்‌ஷாவையும் நிறுத்திவைத்தேன். சுஷ்மா ஏதேதோ பேசினாள், ஒன்றும் காதில் ஏறவில்லை. வலிப்பு வரவில்லை. ஜுரமும் இறங்கியது. எழுந்ததும் அந்த ஒளிந்த படியில் ஏறணும் என்று ஒரே அடம். ஏறினோம்.

அண்ணாவுக்கு எழுதுங்கள். தாராளமாக வரட்டும், இருந்துவிட்டுப் போகட்டும். எங்களைக் கூட்டிப் போக வேண்டாம். நான் சொன்னால் கேட்கமாட்டார். பயம் போய்விட்டது என்று சொல்லவில்லை. கும்பகோணத்தில் இருந்தாலும் நான் நெற்றியைத் தொட்டுத் தொட்டுத்தான் பார்ப்பேன். இங்கே எல்லா வீட்டு டிவியிலும் எல்லைச் செய்தி ஓடுகிறது, நம் வீட்டில் நான் அணைத்துவிடுகிறேன்.

லீவு கிடைத்தால் நேரே புனேவுக்கு வாருங்கள். எந்த ரயில், எத்தனை மணி என்றெல்லாம் தெரிவிக்க வேண்டாம், நாங்கள் இங்கேதான் இருப்போம். வந்து கதவைத் தட்டுங்கள், போதும்.

உங்கள்
விசாலாக்ஷி