கீறு விழாத செற்றி

லா சப்பல், பாரிஸ்
வியாழக்கிழமை

அன்பு மகள் அஜந்தாவுக்கு,

பிள்ளையார் புண்ணியத்திலை நானும் அம்மாவும் சுகம், உன்ரை பூனை மிளகும் சுகம், அதை முதல் சொல்லாட்டி நீ மிச்சத்தை வாசிக்கமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். நீயும் மருமகனும் சின்னவளும் அங்கை ஹூஸ்ரனிலை நல்லாய் இருக்கவேணும். பூனையை இஞ்சை அனுப்பின பிறகு சின்னவளுக்கு இழுப்புக் குறைஞ்சிட்டுது எண்டு கேட்டது பெரிய ஆறுதல். போனிலை நீ அழத் தொடங்கினால் எனக்குக் கதை வராது, அதுதான் எழுதுறன். மாசக் கடைசிக்குள்ளை சரிவராட்டி மிளகை ஏதும் காப்பகத்துக்குக் குடுத்துவிடுங்கோ எண்டு சொன்னாய் எல்லே, அதுக்குப் பதில் கடைசியிலை இருக்கு, ஓடிப்போய் அதை முதல் பாராதை.

முதல் பிழை என்ரைதான், ஒத்துக்கொள்ளுறன். அமெரிக்காவிலை இருந்து ஆள் வந்தால் சனம் பாக்க வராமல் விடுமோ? ரொய்சி விமான நிலையத்திலை இருந்து நான் பூனைக் கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்த அடுத்த நாளே லெ பிளாங்-மெனிலிலை இருந்து சேந்தன் சித்தப்பா குடும்பம், எட்டுப் பேர், வடையும் கேக்குமாய் வந்து இறங்கிச்சினம். நான்தான் வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிட்டனான். பூனை கட்டிலுக்குக் கீழை போய்ப் பதுங்கிட்டுது. அவ்வளவு தூரம் வந்த ஆக்களுக்கு முகத்தைக் காட்டாட்டி மரியாதை இல்லை எண்டு அம்மா கையை விட்டு இழுத்தா, பிடிச்சுது பார் பெருவிரலிலை ஒரு கடி! சித்தப்பா விழுந்து விழுந்து சிரிக்க, அம்மா ரத்தம் ஒழுக நிண்டுகொண்டு இந்த வீட்டிலை ஒண்டில் அது இல்லாட்டி நான் எண்டு சொல்லிப்போட்டா. அடுத்த நாள் நான் மடிச்சு வைச்ச சாரத்திலை மூத்திரம். பூனைக்கெண்டு வாங்கின மண் தட்டு பக்கத்திலை சும்மா கிடக்குது. உன்ரை அம்மாவை உனக்குத் தெரியுந்தானே, நாலு நாள் என்னோடையும் கதையில்லை.

அஞ்சாம் நாள் கீழ்வீட்டு மதலேனைக் கூட்டிக்கொண்டு மிருக வைத்தியரிட்டைப் போனன், மதலேன் புதுச்சேரிக்காரி, பிரெஞ்சு என்னைவிட நல்லாய்க் கதைப்பா. வைத்தியர் பொம்பிளை மிளகின்ரை முன்னங்காலைப் பிடிச்சுப் பாத்து, நகத்தைக் காணேல்லை எண்டிட்டு எங்களைக் கள்ளரைப் பாக்கிற மாதிரிப் பாத்தா. இஞ்சை பூனைக்கு நகம் எடுக்கிறது சட்டப்படி தடையாம். நகம் மட்டும் இல்லையாம் பிள்ளை, விரலின்ரை கடைசி எலும்போடை சேத்துத்தான் வெட்டுறதாம். முப்பது வருசம் ரெஸ்ரோறண்டுக் குசினியிலை மரக்கறி வெட்டின கை இது, நான் என்ரை விரல் நுனியைப் பாத்துக்கொண்டு இருந்திட்டன். உண்மையைச் சொல்லுறன், அப்ப உன்னிலை எனக்குக் கோவம் வந்தது. பிறகு யோசிச்சன், உனக்கு அப்ப இருபத்திமூண்டு வயசு, வாடகை வீட்டுக்காரன் பூனைக்கு நகம் எடுக்காட்டி வீடு இல்லை எண்டான், நீயும் எங்கடை நகத்தை வெட்டுற மாதிரித்தான் எண்டு நினைச்சுக் கையெழுத்து வைச்சாய். தெரியாமல் செய்தது. அதை நினைச்சு நினைச்சு இனி அழாதை.

வைத்தியர் சொன்னா, விறாண்ட ஏலாத பூனைக்குப் பல்லு மட்டும்தான் மிச்சமாம், அதாலைதான் வெருண்டால் முதல் கடிக்குமாம். பரல் மண் அந்தக் காலுக்கு நோகுமாம், அதாலைதான் மெத்தெண்ட துணி தேடிப் போறதாம். கொஞ்ச நாளைக்கு ஒரு அறையை அதுக்கு விட்டிட்டு, தானாய் வருமட்டும் ஒருதரும் தொடக்கூடாதாம். மண்ணுக்கு நான் வேறை வழி கண்டுபிடிச்சன் கண்டியோ, கோயில் நோட்டீசு, கடை நோட்டீசு, பழைய பேப்பர் எல்லாத்தையும் மெல்லிசாய்க் கிழிச்சுத் தட்டிலை போட்டன், அண்டைக்கே அதிலை போச்சுது. விருந்தாளியள் எல்லாருக்கும் போன் போட்டு ஒரு மாசத்துக்கு வராதேங்கோ எண்டிட்டன். சித்தப்பாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம், பறவாயில்லை.

பத்து நாளாலை மிளகு தானாய் வெளியிலை வந்து முன்னறையைச் சுத்திப் பாத்திட்டு நேரை சோபாச் செற்றிக்குப் பாஞ்சுது. எந்தச் செற்றி எண்டு தெரியுந்தானே, ஒபர்வில்லியேயிலை வாங்கி, ஊத்தை பிடிக்கும் எண்டு அம்மா பதினொரு வருசமாய் பிளாஸ்ரிக் கழட்டாமல் வைச்சிருக்கிற அதே செற்றி. பிடிக்க நகம் இல்லை, வழுக்கி விழுந்துது. திரும்பப் பாஞ்சுது, திரும்ப விழுந்துது. ஆனைக்கும் அடி சறுக்கும் எண்டுவினம், பூனைக்குச் சறுக்கினதை நான் இப்பத்தான் கண்டனான். மூண்டாம் தரமும் விழுந்த பிறகு ஒருதரும் பாக்காத மாதிரி காலை நக்கிக்கொண்டு இருந்துது, அதுதான் எனக்குத் தாங்கேலாமல் போச்சு. அம்மா குசினி வாசலிலை நிண்டு எல்லாத்தையும் பாத்தா.

போன கிழமை செவ்வாய் நான் கார் து நோர் ஸ்ரேசனுக்குப் போட்டு வரேக்கை அம்மா நிலத்திலை இருந்து மீன் வெட்டுற கத்தரிக்கோலாலை அந்தப் பிளாஸ்ரிக்கை வெட்டி உரிக்கிறா. மாப்பிளை வீட்டார் உன்னைக் கேட்டு வந்த அண்டும் கழட்டாத பிளாஸ்ரிக்! நான் வாயைத் திறக்க முந்தி, ஊத்தை பிடிச்சால் கழுவலாம், நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ எண்டா. இப்ப மிளகுக்கு நடுச்சீற், அம்மாவுக்குக் கரை. உன்ரை கேள்விக்கு இதுதான் பதில், ஆருக்கும் குடுக்கிற கதை இனி வேண்டாம். சின்னவளோடை நீங்கள் வந்தால் சித்தப்பா வீட்டிலை நில்லுங்கோ, நாங்கள் அங்கை வந்து பாப்பம், மிளகை இனி இடம் மாத்தேலாது.

ஒண்டு மட்டும் சொல்லவேணும். சாப்பிட்டு முடிஞ்சதும் அது செற்றிக் கைப்பிடியிலை ஏறி ரெண்டு காலாலையும் விறாண்டும், நகம் இருக்கிற பூனை மாதிரியே, கண்ணை மூடிக்கொண்டு. அது போன பிறகு அம்மா அந்த இடத்தைத் தடவித் தடவிப் பாப்பா. நேற்று என்னட்டைச் சொன்னா, ஒரு கீறு விழுந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பன் எண்டு.

நீங்கள் மூண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழவேணும். சின்னவளுக்கு மருந்தை நேரம் தவறாமல் குடு, குளிருக்குக் காதை மூடிவிடு.

இப்படிக்கு
அன்பு அப்பா
இரத்தினம்