நடுவில் நிற்கிற பாட்டு

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
12.1.1961

அன்புள்ள தம்பி யோகலிங்கத்துக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தை அறிய ஆவல். அதைவிட ஆவலாக அறிய வேறொன்று இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஹமீட் நானாவின் கடை றேடியோவில் உன் குரல் கேட்டது. "எங்கட ஏரம்பு அண்ணையின்ர பெடியன் பாடுறான்!" என்று அப்பாவின் பெயரைச் சொல்லி நானா சத்தத்தைக் கூட்டிவிட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பாட்டு முடிந்து "பாடலை இயற்றியவரும் யோகலிங்கம்" என்று அறிவிப்பாளர் சொல்லும் வரைக்கும்.

தம்பி, அது அப்பாவின் பாட்டு. பன்றிக் காவலுக்கு வயற் பரணில் இருந்து அவர் பாடியது. ஒவ்வோர் அடியும் நடுவில் நின்று பிறகு தொடங்குகிறதே, அப்படிப் பாட இந்தக் குடியேற்றத்தில் வேறு ஆர் இருந்தார்? செத்த மனிசன் வந்து கேட்கமாட்டார் என்று நினைத்துவிட்டாயா? பாட்டைத் தவிர அவர் எங்களுக்கு என்ன விட்டுப்போனார்?

உண்மையை எழுது.

அக்கா,
நேசமலர்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு.
19.1.1961

அன்புமிக்க அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்த கையோடு இதை எழுதுகிறேன்.

"கோச்சி போன பாதையிலே... கூட வர ஆளில்லையே" என்றுதானே பாட்டுத் தொடங்குகிறது? அப்பா ஒருநாளும் கோச்சி ஏறினவரில்லை. கிளிநொச்சி ஸ்ரேசனில் என்னைக் கொழும்பு ரெயிலில் ஏற்றிவிட்டு நீங்கள் திரும்பிப் பாராமல் போனீர்கள். அன்றைக்கு வந்த அடி அது.

முதலில் நான் அப்பாவின் பாட்டுகளைத்தான் பாடித் திரிந்தேன், மறைக்கவில்லை. வானொலிக்குப் போனபோது, "இது ஊரெல்லாம் பாடுற சிந்து. உம்முடையது ஒன்றும் இல்லையோ?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகுதான் சொந்தமாகக் கட்டினேன். நடுவில் நிற்பது மெட்டு, அக்கா. பாட்டென்றால் அப்படித்தான் நிற்கும் என்று சின்ன வயதிலிருந்தே என் காதில் இருக்கிறது.

தம்பி,
யோகலிங்கம்

உருத்திரபுரம்.
27.1.1961

தம்பிக்கு,

சொல்லை மாற்றினால் சரியா? அடுத்தவனின் பட்டி மாட்டைக் கொண்டுவந்து குறியை மாற்றிச் சுட்டவனும் இப்படித்தான் சொல்வான்.

மெட்டாம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பன்றி வருகிறதா என்று காது கொடுக்கத்தான் அப்பா பாட்டை நிறுத்துவார். சரசரப்பு இல்லையென்றால் மிச்சத்தைப் பாடுவார். பக்கத்தில் படுத்திருந்த உனக்கு இது தெரியாதா? தெரிந்துதான் எடுத்திருக்கிறாய்.

வானொலி நிலையத்துக்குக் கடிதம் எழுதி, முத்திரையும் ஒட்டி வைத்திருக்கிறேன். உன் பதிலைப் பார்த்துத் தபாலில் போடுவேன்.

நேசமலர்

கொட்டாஞ்சேனை.
3.2.1961

அன்புள்ள அக்கா,

பன்றியா? சத்தியமாக எனக்குத் தெரியாது. இங்கே ஒரு வித்துவான் அந்த நிறுத்தத்தை மெச்சி, எங்கே படித்தாய் என்று கேட்டார். பரம்பரை ஞானம் என்று சொல்லிவிட்டேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

இன்னும் பாட்டுகள் கேட்டிருக்கிறார்கள். உங்கள் கடிதம் வந்தால் கள்ளன் என்று வாசலோடு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் நீங்களே என்னைக் கள்ளன் என்று நினைப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

வருகிற ஞாயிறு பின்னேரம் அதே பாட்டு மறுபடி போகும். அம்மாவைக் கூட்டிப்போய்க் கேட்கச் செய்யுங்கள். அது அப்பாவின் பாட்டு என்று அவா சொன்னால், கடிதத்தைப் போடுங்கள்.

யோகலிங்கம்

உருத்திரபுரம்.
14.2.1961

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவை நானாவின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாட்டுத் தொடங்கியதும் அவாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலடியின் நடுவில் நீ நின்றாய். அம்மா சட்டென்று வயல் பக்கம் திரும்பி, கடைச் சனத்துக்குக் கையைக் காட்டினா.

"சத்தம் போடாதேங்கோ, அவர் காது குடுக்கிறார்" என்றா.

கடை அடங்கிவிட்டது. நீ மிச்சத்தைப் பாடினாய். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வரும் வழியில் கேட்டேன். "பாட்டு அவரின்ர இல்லைப் பிள்ளை. அவர் பாடினதெல்லாம் ஊர்ச் சிந்து. ஒரு சொல்லும் அவர் கட்டினதில்லை. அந்த நிக்கிறது மட்டும்தான் அவரின்ர" என்றா.

வானொலிக்கு எழுதியதை அடுப்பில் போட்டேன். முத்திரையை வீணாக்காமல் உரித்து இதில் ஒட்டியிருக்கிறேன். பாட்டு உன்னுடையதுதான். உன் பெயரையே சொல்லட்டும்.

ஆனால் பன்றி விசயம் தெரியாது என்றாயே, அதை நான் இன்னும் நம்பவில்லை. அடுத்த பாட்டைப் பாட முன்னம் எனக்கு எழுதி அனுப்பு. எங்கெங்கே நிற்கிறாய் என்றும் குறித்து அனுப்பு. அந்த இடம் வரும்போது கடைச் சனத்தை நான் சத்தம் போடாமல் வைத்திருக்க வேணும்.

உன் அக்கா,
நேசமலர்