டிரம்ஸ் வேண்டாத பாட்டு

அன்புள்ள அம்மாவுக்கு, மாரிக்கண்ணன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நான் சுகம்.

எங்கள் துபாய் ஓட்டலில் இப்போது நாங்கள் வாசிப்பது எண்பதுகளின் ‘நியூ வேவ்’ என்ற ஆங்கிலப் பாட்டுகள்தான். போன வாரம் மேனேஜர் இரண்டு குழுக்களின் பாட்டைப் போட்டு, என்ன வித்தியாசம் என்று என்னிடம் கேட்டார். கீபோர்டு வாசிப்பவனிடம் கேட்கிறாரே என்ற சந்தோஷத்தில் விளக்கினேன். முதல் குழு ஜமைக்கா நாட்டு ரெகே இசையைக் கேட்டு வளர்ந்தது. டிரம்ஸ் வாசிப்பவன் இல்லாவிட்டால் அதற்கு உயிரில்லை. அடுத்தது மின்னணு இசையிலிருந்து வந்தது. மெஷின் தாளமே போதும்.

“அப்போ ரெண்டாவதையே வாசிங்க, டிரம்ஸ் வேண்டாம்” என்றார். பதறிப்போய் எவ்வளவோ கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை.

டிரம்ஸ் வாசித்தது என் அறையில் தங்கியிருக்கும் அன்பரசன், நம் மல்லாங்கிணற்றுக்காரன். “ஏலே, நீ உள்ளதத்தான சொன்ன? விடுலே” என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டுகிறான். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவன் அவன்தான்.

என் வேலைக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள். மெஷின் பிசகாமல் அடிக்கிறது. நான் தடுமாறினால் அன்பரசன் காத்திருப்பான், அது காத்திருப்பதில்லை.

அவனுக்கு வயிறாரச் சோறு போடுங்கள். போகும்போது தனியாக விடாமல், பஸ் ஏற்றிவிட அப்பாவைப் போகச் சொல்லுங்கள். நாரணாபுரத்தில் பட்டாசு கம்பெனி வேலைக்கு நம் அப்பாவிடம் அவன் கேட்பான். லோடு ஏற்றும் வேலை என்றால் சேர்த்துவிடச் சொல்லுங்கள். வெடிமருந்து கலக்கும் அறை மட்டும் வேண்டாம் அம்மா.

கீழே டாக்சி வந்துவிட்டது, அவன் கூப்பிடுகிறான்.

உங்கள் மகன்,
மாரிக்கண்ணன்