தபால்காரர் இல்லாத ஊர்

4 மே 1977, புதன்

அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்பவர்களுக்கு ஏப்ரலிலேயே ஆரம்பித்துவிட்டது. நான் பார்க்கும் தொழிற்சாலை ஸ்டோரில் மின்விசிறி ஓடவில்லை. மூன்றாவது மனு.

மாலை படிப்பகம். செயலாளர் ஒரு வேலை தந்தார். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற பையன்கள் பெருகிவிட்டார்களாம், ஒரு துண்டுப் பிரசுரம் வேண்டுமாம். தலைப்பு அவரே வைத்திருக்கிறார்: 'பாலைவன நகருக்கு முதன்முறை செல்வோருக்குச் சில யோசனைகள்'. எழுத என்னைவிடத் தகுதியானவர் இல்லையாம். தகுதி 1: தம்பி சேகர் அங்கே வெல்டர். தகுதி 2: நான் புத்தகம் படிக்கிறவன்.

தகுதி 1 ஒரு யூகம். டிசம்பரில் போனான். ஜனவரியில் ஒரு கடிதம். அதோடு சரி. நான் நான்கு எழுதிவிட்டேன். இதைச் செயலாளரிடம் சொல்லவில்லை.

முதல் வரைவு. ஆதாரம், படிப்பகத்துப் பூகோளப் புத்தகம், அட்டை கிழிந்தது.
1. தலையை மூடிக்கொள்ளவும்.
2. ஒட்டகத்தின் பின்புறம் நிற்க வேண்டாம்.
3. மணல் புயலில் குப்புறப் படுக்கவும்.
4. பேரீச்சம்பழம் சத்துள்ளது.
ஐந்தாவது தோன்றவில்லை.

5 மே, வியாழன்

வெயில் அதே. மோர் தீர்ந்தது.

மாணிக்கம் வந்தான். பருத்திப்பட்டுக்காரன். எங்கள் தொழிற்சாலையில் ஃபிட்டர். அடுத்த வியாழன் பம்பாய் ரயில், அங்கிருந்து விமானம், சேகர் போன அதே நகரம். படிக்காதவன் இல்லை, ஆனாலும் நான் சொன்னதையெல்லாம் பீடிக் கட்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டான்.

"அண்ணாத்தே, அங்க சோறு கீதா, இல்ல ரொட்டிதானா?"

சோறு உண்டு என்றேன். ஸ்வெட்டர்? பாலைவனத்துக்கு ஸ்வெட்டரா என்று சிரித்தேன். ஊறுகாய்? தாராளமாக. எல்லாம் தம்பி எழுதியதா என்று கேட்டான். ஆமாம் என்றேன். என் பொய்யை இன்னொருவன் கவனமாக எழுதிக்கொள்வதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது தனி அனுபவம்.

உள்ளே வசந்தா கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி. பிரசவத்துக்குப் பிறகும் எங்களோடுதான். மாணிக்கம் போனதும் வந்து நின்றாள். கடிதம் எப்போது வந்தது, ஏன் தன்னிடம் காட்டவில்லை என்றாள். வரவில்லை என்றேன். தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

7 மே, சனி

கத்திரிக்காய், துவரை, குழந்தைக்கு கிரைப் வாட்டர். (மறந்தது: கிரைப் வாட்டர்.)

குழந்தைக்கு நாற்பது நாளாகிறது. இன்னும் பெயர் இல்லை. அப்பன்தான் எழுதி அனுப்ப வேண்டும் என்று வசந்தா பிடிவாதம். என் வீட்டுக்காரி நான்கு பெயர் சொல்லிப் பார்த்தாள். எதிர்வீட்டில் ஆறு. வசந்தா ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'பாப்பா' என்றே கூப்பிடுகிறோம். நகராட்சிப் பதிவிலும் 'பெண் குழந்தை' என்றுதான் இருக்கிறது.

பதினோரு மணிக்குத் தபால்காரர் வந்தார். வசந்தா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரேஷன் கடை முனைவரை நடந்து போய்த் திரும்பினாள். தினமும் போகிறாள். அவர் இப்போதெல்லாம் தூரத்திலேயே கையை விரித்துவிடுகிறார்.

எழுதிவிடுகிறேன், இதை யாரும் படிக்கப் போவதில்லை. டிசம்பரில் சென்ட்ரல் ஸ்டேஷனில் சேகர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். பயந்திருந்தான். வழியனுப்ப வந்த அண்ணன் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "மணலை எல்லாம் எண்ணி முடிச்சதும் ஒரு கடுதாசி போடு." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

ஜனவரிக் கடிதத்தின் கடைசி வரி: 'இன்னும் எண்ணத் தொடங்கவில்லை அண்ணா. நீங்கள் பதில் போட்டதும் தொடங்குகிறேன்.'

பதில் போட்டேன். நான்கு. இரண்டாவதில் மன்னிப்புக்கூட இருந்தது. நான்காவதில் குழந்தை.

8 மே, ஞாயிறு

பிரசுரத்தைச் சரிபார்க்க பூந்தமல்லி போனேன். காதர் பாய் அதே நகரத்தில் ஐந்து வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறார். விடுமுறையில் வந்திருக்கிறார், செப்டம்பரில் திரும்புகிறார். பஸ்ஸில் நின்றே போனேன்.

வரைவைப் படித்தார். இரண்டாவது யோசனையில் நிறுத்தினார்.

"நான் பாத்த ஒட்டகம் ஒண்ணுதான் தம்பி. கறிக்கடையில தொங்கிச்சு."

அவர் சொன்னவை: எட்டு மாடிக் கட்டடங்கள். கடையிலும் ஏ.சி. வெள்ளிக்கிழமை விடுமுறை. டிசம்பர், ஜனவரியில் பல் கிட்டும், ஸ்வெட்டர் கட்டாயம். (நாளை மாணிக்கத்திடம் சொல்ல வேண்டும்.) பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளும், நகல் எடுத்து வைக்கவும். இடது கையால் எதையும் நீட்ட வேண்டாம். குழாய்த் தண்ணீர் உப்பு.

தம்பியின் பேச்சு வந்தது. எந்தக் கம்பெனி என்றார். 'பெரிய கம்பெனி, பெயர் வாயில் நுழையவில்லை' என்று எழுதியிருந்ததைச் சொன்னேன். அனுப்பிய ஏஜெண்டின் ஆபீசில் இப்போது தையல் கடை நடக்கிறது. விலாசத்தைக் காட்டச் சொன்னார். சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறேன்: 'சேகர், வெல்டர், டயர் இல்லாத மஞ்சள் லாரிக்கு எதிரில், நாயர் டீக்கடைக்குப் பின்புறம்', பிறகு ஊர் பெயர்.

"பொட்டி நம்பர் எங்கே?"

என்ன பெட்டி என்றேன்.

"அங்க போஸ்ட்மேன் ஏது தம்பி? யாரும் ஊட்டுக்குக் கடுதாசி கொண்டாந்து தர மாட்டான். கம்பெனிக்குப் போஸ்டாபீஸ்ல ஒரு பொட்டி, அதுக்கு ஒரு நம்பர். நம்பர் இல்லாத கடுதாசி மூட்டைக்குப் போவும்."

எங்கள் வீட்டு விலாசம் 'ரேஷன் கடைக்குப் பின்புறம், கிணற்றுக்கு எதிரில்'. பதினோரு வருஷமாக ஒன்றும் தவறியதில்லை. தம்பிக்கும் அதுதான் விலாசம் எழுதும் முறை. எனக்கும்தான். மூன்றாவது கடிதத்து உறையில் 'நாயர் தயவுசெய்து பார்த்துக் கொடுக்கவும்' என்று சேர்த்திருந்தேன். கெட்டிக்காரத்தனம்.

காதர் பாய் சும்மா இருக்கவில்லை, முடித்தார். பதில் வராத பையன்கள் கொஞ்ச நாள் எழுதுவார்களாம், அப்புறம் வீட்டில் தங்களை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள் என நினைத்து நிறுத்திவிடுவார்களாம். நிறையப் பேரைப் பார்த்திருக்கிறாராம். டீ கொடுத்தார். குடித்தேனா என்று நினைவில்லை.

9 மே, திங்கள்

ஸ்டோரில் ஒரு டஜன் போல்ட்டை இரண்டு முறை கணக்கில் ஏற்றிவிட்டேன். மின்விசிறி ஓடுகிறது. பிரயோஜனம் இல்லை.

வசந்தாவிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவருதான் தபாலுக்குக் காத்துக்கினு இருந்திருக்காரு மாமா. நாம இல்ல."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அரிசி களையப் போனாள். இன்று அரிசி நிரம்ப நேரம் களையப்பட்டது.

12 மே, வியாழன்

மாணிக்கம் புறப்பாடு. ஸ்வெட்டர் வாங்கிவிட்டான். துணைக்குச் சென்ட்ரல் வரை போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

பிரசுரத்தில் உள்ள யோசனைகள் ஒன்றையும் சொல்லவில்லை. ஒரே வேலைதான் கொடுத்தேன்: டயர் இல்லாத மஞ்சள் லாரி, எதிரில் டீக்கடை. காதர் பாய் கணக்கில் அந்த ஊரில் தெருவுக்கு ஒரு நாயர். ஐந்து மாதம் ஒரு லாரி அதே இடத்தில் நிற்குமா என்று மாணிக்கமே கேட்டான்.

"தேடிக்கினு தான் இருப்பேன் அண்ணாத்தே. நீ இன்னா பண்ற, ஊட்டுக்குப் போய் சாப்புடு."

ரயில் நகர்ந்தபோது கையை ஆட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

20 மே, வெள்ளி

தபால்காரர் இன்று கையை விரிக்கவில்லை. சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டார். வசந்தா ஓடினாள். அவர் கையில் இரண்டு உறைகள், இரண்டிலும் என் கையெழுத்து. அந்த ஊர் முத்திரை, பெட்டி எண் இல்லை என்று ஒரு குறிப்பு, திரும்பி வந்தவை. முதலாவதும் இரண்டாவதும்.

"வெளிநாட்டுத் தபால்தானே சார், வந்துடுச்சில்ல," என்றார் தபால்காரர். சந்தோஷப்பட்டார், பாவம். அவருக்கும் இது ஆறுதலாக இருந்திருக்கும்.

மன்னிப்பு உள்ள கடிதத்தை நானே பிரித்துப் படித்தேன். அதிலும் மூன்று கிண்டல்.

27 மே, வெள்ளி

பிரசுரம் அச்சுப் பிழை பார்த்தேன். பத்து யோசனைகளை அடித்துவிட்டு ஒன்றை வைத்தேன்: 'அங்கே தபால்காரர் இல்லை. போய்ச் சேர்ந்த அன்றே கம்பெனியின் பெட்டி எண்ணைக் கேட்டு வீட்டுக்கு எழுதவும்.' பக்கம் காலியாக இருக்கிறதே என்று செயலாளர் வருத்தப்பட்டார். பேரீச்சம்பழத்தையாவது விட்டு வைக்கச் சொன்னார். விட்டு வைத்தேன்.

மாணிக்கத்திடமிருந்து ஒன்றும் இல்லை. வசந்தா சரியாகச் சாப்பிடுவதில்லை. நானும்.

14 ஜூன், செவ்வாய்

காலையில் தூறல், உடனே நின்றது.

மாணிக்கத்தின் கடிதம். அவன் பேசுகிறபடியே எழுதியிருக்கிறான். மூன்று வெள்ளிக்கிழமை தேடினானாம்.

'லாரி இல்ல அண்ணாத்தே. அது நின்ன எடத்துல எண்ணெக் கறை கீது. நாயரு சொன்னாரு, உன் தம்பி வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வந்து கடுதாசி கீதான்னு கேப்பாராம். மார்ச்சோட நிறுத்திட்டாராம். அண்ணனுக்கு இன்னும் கோவம்னு சொன்னாராம். இப்ப வேற எடத்துல வேல, தொலவு. அந்தக் கம்பெனி பொட்டி நம்பர நாயரு எழுதி வச்சிகினு கீறாரு.'

கீழே எண். மூன்று இலக்கம். ஆறு மாதம், மூன்று இலக்கம்.

உட்கார்ந்து எழுதினேன். முதல் வரியில் கிண்டல். கிழித்தேன். அடுத்ததிலும். வசந்தா பேனாவை வாங்கிக்கொண்டாள். அவள் எழுதியது இவ்வளவுதான்:

'பெண். எண்பது நாள். மாமாவுக்குக் கோபம் இல்லை, வாய்தான். பெயர் எழுதவும்.'

விலாசத்தை மட்டும் நான் எழுதுகிறேன் என்றேன். கொடுத்தாள். பழக்கத்தில் 'நாயர் டீக்கடைக்குப் பின்புறம்' என்று ஆரம்பித்துவிட்டேன்.

வேறு உறை.