பல்லில் பிசிறு

கணபதி, கோயமுத்தூர்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மணி புவனாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. வெளிநாட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க மருதமலையானை வேண்டுகிறேன். இங்கே அம்மா சுகம். நானும் சுகம் என்றுதான் எழுதக் கை வருகிறது, ஆனால் இடது கன்னம் மரத்துக் கிடக்கிறது, பேசினால் வார்த்தை வழுக்குகிறது, அதனால்தான் போன் பண்ணாமல் காகிதத்தில் எழுதி, அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பதறாதே கண்ணு. காலையில் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கன்னத்துக்குள் இருந்த கட்டியில் துளி சதை வெட்டிச் சோதனைக்கு எடுத்திருக்கிறார்கள். முடிவு அடுத்த செவ்வாய் வருமாம்.

கட்டி ஆடி மாதமே இருந்தது. நாக்கை வைத்தால் மிளகு மாதிரி தட்டுப்படும், வலியே இல்லை, அதில்தான் ஏமாந்தேன். முப்பது வருசம் லேத்துப் பட்டறையில் நின்றவனுக்கு எதைப் பார்த்தாலும் பட்டறைப் புத்திதானே. கடைசல் முடிந்த இரும்பின் ஓரத்தில் பிசிறு நிற்கும், அரம் போட்டுத் தேய்த்தால் போய்விடும். என் பல்லிலும் பிசிறு, அது உரசித்தான் கன்னம் தடித்திருக்கிறது என்று நானே முடிவு கட்டி, சின்ன அரத்தை வெந்நீரில் கழுவி, பட்டறைக் கண்ணாடி முன்னால் நின்று பல்லை ராவிப்போட்டேன். சிரிக்காதே. இரண்டு தடவை. அம்மாவுக்கு இது தெரியாது, படம் பிடிக்கும்போது படிப்பாள், அப்புறம் எனக்கு இருக்கிறது. மூன்றாம் தடவை பக்கத்துப் பட்டறை கரீம் பாய் பார்த்துவிட்டார். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம், ஏனுங்கண்ணா, கடைஞ்ச ஒரு ஜாப்பையாவது அளக்காம கண்ணுல பாத்தே பாஸ் பண்ணியிருக்கீங்களா, இதுக்கு மட்டும் என்னங்க என்று கேட்டார். அரத்தைக் கீழே வைத்தேன். அவரே வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். அரத்தைச் சொன்னால் திட்டுவார் என்று பார்த்தேன், சீட்டில் எழுதிக்கொண்டார். சும்மா பாத்துச் சொல்ல முடியாதுங்கய்யா, சாதாரணக் கட்டியாவும் இருக்கலாம், ஆனா மூணு வாரத்துல போகலீன்னா வலி இல்லாட்டியும் காட்டிப்போடோணும், நீங்க நாலு மாசம் உட்டுப்போட்டீங்களே என்றார். பயமா இருக்குதுங்களா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பயமும் இல்லை, தைரியமும் இல்லை, ஒன்றுமே தோன்றவில்லை. ஊசி கன்னத்தில்தான் போட்டார்கள், மனசுக்கும் இறங்கிவிட்டதோ என்னவோ. ஆறின காப்பியைக் குடித்தேன், சட்டையில் வடிந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. துடைக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மற்றபடி வீட்டுத் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் ஆகிவிட்டது. அம்மா கொள்ளுப்பொடி இடித்து வைத்திருக்கிறாள், யாராவது அங்கே வந்தால் கொடுத்துவிடுகிறோம்.

ஒன்றே ஒன்றுதான் உறைக்கிறது அம்மணி. தீபாவளியன்று வீடியோவில் உதட்டை மடித்துக் காட்டினாயே, உள்ளே சின்னதாக ஒரு கட்டி, வலிக்கலீங்கப்பா என்றாய். நான் என்ன சொன்னேன்? சூடு கண்ணு, இல்லீன்னா பல்லுல பிசிறு இருக்கும், தானாப் போயிரும் என்றேன். அப்பா சொன்னால் சரி என்று நீயும் விட்டிருப்பாய். ஒரு மாதம் தாண்டிவிட்டது. அந்தப் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அது அளக்காமல் சொன்னது. அங்கே டாக்டரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பாய், காத்திரு, ஆனால் பேரை இன்றைக்கே பதிந்துவிடு. அப்பாவின் சோதனை முடிவு வரட்டும் என்று இருக்காதே, என் வாய் வேறு, உன் வாய் வேறு.

இரண்டு பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள். மருதமலையான் கூட இருப்பான், வாயைத் திறந்து காட்ட வேண்டியது நீதான்.

இப்படிக்கு,
உன் அப்பா
லட்சுமணசாமி

எழுதி முடிக்கும்போது மரப்பு விட்டு வலி எடுக்கிறது. உன் உதட்டில் அது இன்னும் இருக்கிறதா? அதை மட்டும் உடனே எழுது.