மூட்டையைப் பிடித்த பிரேக்

1982 பெப்ரவரி 18, வியாழன் இரவு.

மில்லில் நெல்மூட்டை பாதி உயரத்தில் தொங்கும்போது கரண்ட் போனது. கீழே நின்ற முதலாளி ஹாஜியார் இடுப்பில் உடுத்திருந்த சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வீட்டுக்கு வரும் வழியில் பத்துப் பேரிடமாவது அந்த ஓட்டத்தைச் சொல்லியிருப்பேன். மூட்டை விழவில்லை. போன கிழமை நான் பூட்டிய பிரேக், மூட்டை தூக்கும் மோட்டாரை இறுக்கிப் பிடித்திருந்தது.

“கரண்ட் இல்லாம எப்பிடிடா பிடிக்குது?”

“கரண்ட் இருந்தாத்தான் விடும் ஹாஜியார். போனா ஸ்பிரிங் வந்து பிடிச்சிரும்.”

“அப்ப உன்னப்போலதான். பொஞ்சாதி இரிக்கக்குள்ள தேத்தண்ணிக் கடையில கிடந்தாய். அவ குவைத்துக்குப் போன பொறகு வீட்டையே பிடிச்சிக்கிட்டு இரிக்காய்.”

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும் விட நான்தான் கூடச் சிரித்தேன்.

குவைத்திலிருந்து குரல் பதிந்து அனுப்பிய போன கசட்டில் கதீஜா கேட்டிருந்தாள்: “அக்ரிமென்ட் முடியுது. இன்னும் ரெண்டு வருசம் இரிக்கவா, வரவா?” பதில் கசட்டில் இதுவரை ஊர்ச் செய்தியும் புதினமும்தான் பேசி வைத்திருக்கிறேன். கடைசியில் கொஞ்சம் நாடா மிச்சம். அதில் ஹாஜியாரின் ஓட்டத்தைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்தேன்.

“வந்திரு புள்ள” என்றேன்.

நாடாவை நிறுத்தவில்லை. மிச்சத்தில் வீட்டுக்குப் பின்னால் இரையும் கடல் பதிந்திருக்கும்.