காலிப் பெட்டிக்குக் கிடைத்த இடம்

ஞாயிறு, இரவு.

கருக்கலைப்புக்கு அனுமதி கொடுத்த கோர்ட் தீர்ப்பைக் கண்டித்து இன்று எங்கள் மாதா கோவில் பங்கில் ஊர்வலம். பிறக்காத பிள்ளைகளின் பெயரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைக் கோவிலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போய் அடக்கம் செய்தோம். பெட்டிக்குள் ஒன்றும் கிடையாது. தீர்ப்பு எனக்கும் பிடிக்கவில்லை. வயிற்றில் இருப்பது உயிர்தான் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

பெட்டியை என் கையில் கொடுத்தவர் கல்லறைக் கமிட்டித் தலைவர் சூசை அண்ணன். "நீ புள்ளைய பறிகொடுத்தவ. நீ தூக்கிகினு வந்தா ஜனங்க அழும்மா," என்றார். போன வருஷம் என் மகள் செத்துப் பிறந்தபோது இதே மனுஷன்தான் கேட்டை மறித்து நின்று, "ஞானஸ்நானம் ஆவாத கொழந்தைக்கு உள்ள எடம் கெடையாது," என்றார். மதிலுக்கு வெளியே காலி மனையில் என் புருஷன் குழி தோண்டினார்.

இன்று கேட்டை அகலத் திறந்துவைத்திருந்தார்கள். குழியருகே நின்று கேட்டேன். "அண்ணே, இதுக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சா?"

"காலிப் பொட்டிக்கு இன்னாம்மா ஞானஸ்நானம்? ஜனங்க பாக்குறாங்க, குடு," என்று சிரித்துக்கொண்டே வாங்கினார்.

ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். எல்லோரும் மண் போட்டார்கள். நானும் போட்டுத் தொலைத்தேன்.

முடிந்ததும் மதிலுக்கு வெளியே போனேன். ஊர்வலத்துக்கு ஆள் ஏற்றி வந்த வேன் ஒன்று என் மகள் மேல் நின்றிருந்தது. வண்டியை எடுக்கச் சொன்னேன்.

"காலி எடம்தானக்கா," என்றான் டிரைவர். "இங்க இன்னா கீது?"